வெள்ளிக்கிழமை லேப்டாப்

அந்த லேப்டாப்பை எட்டு வாரம் பழுது பார்த்தேன். பழுதே இல்லாத ஒரு பொருளை எட்டு வாரம் பழுது பார்க்கத் தனித் திறமை வேண்டும். அது என்னிடம் தாராளமாக இருந்தது. அதற்குள் என் அம்மா என் தங்கையிடம் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை போய்ச் சேராமலே போய்விட்டது.

அப்போது அம்மாவும் நானும் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள வீட்டில் குடியிருந்தோம். அப்பா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நர்ஸ் வேலைக்குக் குவைத் போன தங்கை, கூட வேலை பார்த்த மலையாளி ஒருவரைக் காதலித்து, லீவில் கேரளாவுக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பெங்களூர் பக்கமே எட்டிப் பார்க்காமல் திரும்பிப் போனாள். பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. அம்மா இரண்டு வருடம் அவளோடு பேசவில்லை. மகள் ஒரு மலையாளியைக் கட்டிக்கொண்டாள் என்பதுகூட அம்மாவுக்கு அவ்வளவு பெரிதில்லை. கூப்பிடவில்லை என்பதுதான் ஆறாத புண்ணாக இருந்தது.

பிறகு தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஃபோட்டோ வந்தது. அம்மா அதைப் பார்க்காதவள்போல அலமாரியில் வைத்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் ஒரு கால் சென்டரில் இருந்தேன். வெளிநாட்டுக்காரர்களின் லேப்டாப் மக்கர் செய்தால், ஃபோனிலேயே கேள்வி கேட்டுச் சரிசெய்து கொடுக்கும் வேலை. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். வரிசை மாறக் கூடாது, ஒரு கேள்வியையும் தாண்டக் கூடாது. ஆபீஸில் பழைய லேப்டாப்புகளைக் கழித்துக்கட்டியபோது ஒன்றை வாங்கி வந்தேன். மேலே மாட்டுகிற ஒரு கேமராவும் வாங்கினேன். குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தங்கை குழந்தையோடு திரையில் வருவது என்று ஏற்பாடாயிற்று.

முதல் வெள்ளிக்கிழமை நான் லேப்டாப்பை மேஜையில் வைத்தேன். அம்மா உள்ளே போய் ஒரு சின்ன மெத்தையை எடுத்து வந்தாள். இலவம்பஞ்சு அடைத்து, ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த குழந்தை மெத்தை. எப்போது தைத்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் வேலைக்குப் போன பிறகு தைத்திருக்க வேண்டும்.

"இத்த அடியில போடுடா. பிள்ள வர்ற எடம். வெறும் பலகையிலயா வெப்பாங்க?"

எங்கள் வீட்டில் டிவிக்கு உறை, மிக்சிக்குப் பாவாடை, ஃப்ரிட்ஜ் தலையில் பூப்போட்ட துணி. எதையும் மொட்டையாக விட அம்மாவுக்கு மனசு வராது. அதனால் எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. "உன் பேத்தி இங்க வந்து ஈரம் பண்ணப் போறதில்லம்மா" என்று கிண்டல் செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. சுருக்கம் எடுத்து, மெத்தையை விரித்து, அதன் மேல் லேப்டாப்பைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள்.

குழந்தை வந்தது. அம்மா சிரித்தாள். நாக்கைச் சுழற்றிச் சத்தம் போட்டாள். கால் மணி நேரம் போயிருக்கும். குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுத் தங்கை, "அம்மா, உனக்கு இன்னும் எம்மேல கோவமா?" என்றாள். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். வாயைத் திறப்பதற்குள் திரை கறுத்து, லேப்டாப் அணைந்தது.

"மூடிட்டா பாத்தியா" என்றாள் அம்மா.

அடுத்த வாரமும் அதே கதை. சில நாள் பத்து நிமிடம், சில நாள் இருபது. குழந்தையைக் கொஞ்சும் வரைக்கும் ஒன்றும் ஆகாது. பெரியவர்கள் விஷயத்துக்கு வரும்போது அணையும். இப்போது யோசித்தால் அதில் ஒரு மர்மமும் இல்லை. இரண்டு வருடம் பேசாதவர்கள் விஷயத்துக்கு வரக் கால் மணி நேரம் ஆகிறது. லேப்டாப் சூடேறவும் அதே கால் மணி நேரம்தான் ஆகிறது. ஆனால் அங்கே தங்கை, அம்மா மூடிவிட்டாள் என்று நினைத்தாள். இங்கே அம்மா, மகள் மூடிவிட்டாள் என்று நினைத்தாள். அது மறுபடி ஓட ஆரம்பிப்பதற்குள் தங்கை எழுந்து போயிருப்பாள். நான் ஃபோன் போட்டு, "சிஸ்டம் ஆஃப் ஆயிடுச்சு" என்பேன்.

"ஒவ்வொரு தடவையும் கரெக்டா அப்பதான் ஆஃப் ஆகுமாண்ணா?" என்று ஒருநாள் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை.

பாட்டரியைக் கழற்றி மாட்டினேன். மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்தேன். சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். ஆபீஸுக்கு எடுத்துப் போனால் நாள் முழுக்க ஓடியது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டு நாள் கண்ணாடி மேஜை மேல் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஏனூ தொந்தரே இல்லா சார், நல்லாத்தான் ஓடுது" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிச் சிரித்தார். வெளியே ஓடுகிறது, வீட்டில் அணைகிறது. அப்படியானால் வீட்டு கரண்ட்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன், ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். வீட்டு ஓனரோடு சண்டைகூடப் போட்டேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை தங்கை நேராகவே கேட்டாள். "அம்மா, அடுத்த மாசம் லீவு கெடைக்குது. பிள்ளையத் தூக்கிட்டு நாங்க அங்க வரட்டுமா?"

அந்த நொடியில் அணைந்தது.

கறுத்த திரையில் அம்மாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தே அம்மா சொன்னாள். "வாடி. பிள்ளையத் தூக்கிக்குனு வாடி. அவரையும் இட்டுக்குனு வா."

நான் உடனே ஃபோனை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லாத. ஃபோனும் வேணாம். முகத்தப் பாத்துதான் கூப்பிடணும். பெத்தவ கூப்பிட்டாத்தான் கூப்பிட்டது. நீ சொன்னா, அண்ணன் சொன்னான்னு ஆயிடும். அடுத்த வாரம் வருவா இல்ல, நானே சொல்றேன்."

கூப்பிடாமல் போனதால் புண்பட்டவள், கூப்பிடுவதை முறையாகச் செய்ய நினைத்தாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அடுத்த வாரம் தங்கை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நான் ஃபோன் செய்தால், "ட்யூட்டிண்ணா" என்றாள். லீவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

எட்டாவது வாரம் ஆபீஸில் ஓர் அழைப்பு. எங்கோ ஒரு வயதான அம்மாள். லேப்டாப் தானாக அணைகிறது என்றார். முதல் கேள்வி சார்ஜர், கேட்டேன். இரண்டாவது பாட்டரி, கேட்டேன். மூன்றாவது கேள்வியையும் வழக்கம்போல மனப்பாடமாகச் சொன்னேன்: "லேப்டாப்பை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள், மெத்தை, தலையணை ஏதாவது?" அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டால் அது சூடேறி, கருகிப்போகாமல் இருக்கத் தானே அணைந்துகொள்ளும். இதை அதுவரை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேனோ. அந்த அம்மாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி. என் கதை அதுதான். ஊர்பேர் தெரியாதவர்களிடம் ஒரு கேள்வியையும் தாண்டாதவன், சொந்த வீட்டில் மூன்றாவது கேள்வியைத் தாண்டிவிட்டேன். அது மெத்தையாக என் கண்ணில் படவே இல்லை. அம்மா வைத்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை மெத்தையை எடுத்துவிட்டு லேப்டாப்பை மேஜை மேலேயே வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்டாள். நான் சொல்லியிருக்கக் கூடாது. ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன், படம் வேறு போட்டுக் காட்டினேன்.

அம்மா மெத்தையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்போ அவ மூடலியா?" என்றாள்.

"இல்லம்மா."

"நாந்தான் மூச்ச அடச்சிட்டேனா?"

பதினோரு மணிக்குத் தங்கை வரவில்லை. அம்மா இடத்தை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு வேளையும் தாண்டியது. அன்றைக்கு லேப்டாப் ஒருமுறைகூட அணையவில்லை.

மறுவாரம்தான் தெரிந்தது. அவர்கள் லீவில் கேரளாவுக்கு வந்துவிட்டு, அங்கிருந்தே திரும்பிப் போய்விட்டார்கள். அம்மா மட்டும், "வெள்ளிக்கெழம வருவா" என்பாள். அப்போதாவது நான் ஃபோனில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர் யாருக்கு வேண்டும்?

அடுத்த மாதம் ஒரு காலையில், பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது.

தங்கை குழந்தையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நானும் அவளும் அறையில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை என் மடியில் இருந்தது. நான் முதல்முதலாகத் தூக்கியது அன்றைக்குத்தான். தங்கை அழுது ஓய்ந்தபின் கேட்டாள்.

"அன்னைக்கு நான் வரட்டுமான்னு கேட்டேன் இல்ல? அம்மா ஏண்ணா மூடுனாங்க?"

அம்மா கறுத்த திரையைப் பார்த்துச் சொன்னதை அப்படியே சொன்னேன். மெத்தையையும் எடுத்துக் காட்டினேன்.

 அவள் குழந்தையை என் மடியிலிருந்து வாங்கி, மெத்தையைத் தரையில் விரித்து அதன் மேல் படுக்க வைத்தாள். குழந்தை வளர்ந்திருந்தது. இரண்டு காலும் சிவப்பு ஓரத்தைத் தாண்டித் தரையில் கிடந்தன. தங்கை குனிந்து அந்தக் கால்களை மடக்கி மடக்கி மெத்தைக்குள் வைத்தாள். அவை உள்ளே அடங்கவில்லை.