முன் சீட்டில் தாய்மாமன்

அன்னவாசலில் வேன் ஓட்டுகிறேன். போன மாதம் புது ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் வாங்கி, யாரையும் கூப்பிடாமல் நானே மாட்டினேன். பாட்டு வந்தது, திம் திம் என்று அதிரும் பேஸ் மட்டும் துளிகூட இல்லை. நேராகக் கடைக்குப் போய், "டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டீங்களே" என்று கடைவீதியே வேடிக்கை பார்க்கக் கடைக்காரரைத் திட்டினேன்.

அடுத்த வாரம் நார்த்தாமலைக்கு ஒரு காதுகுத்துச் சவாரி. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் போகும் தாய்மாமன் என்று முன் சீட்டில் ஏற்றினார்கள். பார்த்தால் அதே கடைக்காரர்! அவரை இறக்கவும் முடியாது, நான் இறங்கி ஓடவும் முடியாது. போதாக்குறைக்குப் பின்னாலிருந்து, "என்ன டிரைவரண்ணே, பாட்டு கொசுவாட்டம் கத்துது?" என்று ஒரே சிரிப்பு.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி நின்றதும் அவர் கையை நீட்டி, சத்தத்தை ஒரு பக்க ஸ்பீக்கருக்கு மட்டும் திருப்பினார். பேஸ் திம்மென்று வந்தது!

"ஒரு ஸ்பீக்கர்ல ப்ளஸ், மைனஸ் ஒயர மாத்திக் குடுத்திருக்கீங்க. ரெண்டும் சேந்து பாடுனா ஒண்ணையொண்ணு அமுக்கிரும்" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"என்ன மாமா கோளாறு?" என்று பின்னால் கேட்டார்கள்.

"ஒண்ணுமில்ல, லூஸ் கனெக்‌ஷன்தான்" என்றார் சத்தமாக.

கேட் திறந்ததும் மன்னிப்புக் கேட்டேன். பாட்டைக் கூட்டி வைத்துவிட்டு, அவர் காதோடு. திட்டியதைக் கடைவீதியே கேட்டது; மன்னிப்பை அந்த வேனில் இருந்தவர்கள்கூடக் கேட்காமல் பார்த்துக்கொண்டேன்.