மயில்பீலி கட்டிய தூண்டில் முள்

நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பெரிய மீன்பிடிப் புத்தகத்தை முழுசாகக் கேட்டு முடித்தவன் இந்தக் கொடைக்கானல் மலையில் என்னைத் தவிர எவனும் இருக்க மாட்டான். வண்டி போகாத வெள்ளகவி மலைப்பாதையில் மூட்டை சுமந்து வளர்ந்தவன், எழுபதுகளின் கடைசியில் சொந்த லாரியில் உருளைக்கிழங்கும் பூண்டும் ஒட்டன்சத்திரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். யாரும் கைதூக்கி விடவில்லை.

சீமைக்குத் திரும்பிப் போன ஒரு மிஷன் குடும்பம் சாமான்களை விற்றபோது இரும்புக் கட்டில் ஒன்று வாங்கினேன். கூடவே வந்த சின்ன மேசையின் இழுப்பறையில் அந்தப் புத்தகம் கிடந்தது. தூண்டில் முள்ளில் இறகைப் பூச்சி மாதிரி கட்டி, டிரவுட், சால்மன் என்ற இரண்டு மீன்களையும் ஏய்த்துப் பிடிக்கிற வித்தை அதில் இருந்தது. டிரவுட்டை வெள்ளைக்காரர்கள் எப்போதோ எங்கள் ஓடைகளில் விட்டிருந்தார்கள். சால்மன் இங்கே கிடையாது.

அந்தக் கட்டிலில் என் மனைவி படுத்தே கிடக்க வேண்டியிருந்த வருஷம் அது. முன்பு இரண்டு கர்ப்பம், அசைவு தெரியும் முன்பே கலைந்துபோயின. இதாவது தங்க வேண்டுமானால் எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கால்மாட்டில் செங்கல் வைத்துக் கட்டிலை உயர்த்தினேன். அவள் மிஷன் பள்ளியில் படித்தவள். பொழுது போகாமல் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்தால் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவாள்.

ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வரும். அவள் முகம் மங்கிப்போய்க் குரல் மட்டும் கேட்கும். எங்கோ ஒரு ஆறு, முழங்கால் தண்ணீரில் ஒரு மனிதன், நீரின் மேல் வந்திறங்கும் பூச்சிகள். எனக்குக் கண் சொக்கும். கட்டில் பரிசல் போல மெல்லச் சுற்றும். நானும் அந்த ஆற்றில் இறங்கி நிற்பேன், தண்ணீர் குளிராது.

சால்மன் கடலை விட்டு, தான் பிறந்த ஓடையைத் தேடி, அருவிகளைத் தாண்டி எதிரேறி வந்து முட்டையிடும் என்று ஒருநாள் சொன்னவள், சட்டென்று நாலைந்து தாள்களைச் சேர்த்துப் புரட்டினாள். அப்புறம் அந்த மீன் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அப்புறம் டிரவுட் வந்துருச்சுங்க" என்றாள்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான் தெரியாது, படம் தெரியும். அவள் தாண்டிய பக்கத்தில் முட்டையிட்டு முடித்த மீன் கறுத்து வற்றிச் செத்துக் கிடந்ததை ஏற்கெனவே பார்த்திருந்தேன். சரி, டிரவுட்டையே சொல்லு என்றேன்.

படங்களிலேயே அழகான முள்ளைப் பார்த்து நான் ஒன்று கட்டினேன். பழனியிலிருந்து வந்த மயில்பீலி, சேவலின் கழுத்திறகு, அவள் சேலை முந்தியிலிருந்து சரிகை நூல். எந்தத் தையல்காரனுக்கும் அந்தக் கைநேர்த்தி வராது. அவளோ, அது சால்மனுக்கு உள்ளது, நம் ஓடை மீனுக்குக் கொசு அளவு போதும் என்றாள்.

"ஏன் புள்ள, நம்ம ஊரு மீனுக்கு நல்லது திங்கத் தெரியாதாக்கும்?"

"தெரியும். ஆனா இது மீனையே தின்னுரும் போலருக்கே."

மறுநாள் வெள்ளனே சோலைக்குள் ஓடும் ஓடைக்குப் போனேன். முதல் வீச்சில் முள் தொப்பென்று விழுந்து மீன்கள் நாலா பக்கமும் சிதறின. இரண்டாவது, மரக்கிளை. மூன்றாவது, என் தலையிலிருந்த கம்பளிக் குல்லா. பிடுங்கினால் கம்பளி கிழியும். தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு, தலையில் பீலி ஆட, கடைவீதி வழியாகவே வீட்டுக்கு வந்தேன்.

"யாரது, பழனியாண்டவரா?" என்றாள் படுத்தபடியே.

சிரிக்க ஆரம்பித்தாள். கட்டில் கிடுகிடுத்தது. லாரி பிரேக் பிடிக்காதபோதுகூட நான் பயந்தவனில்லை. அன்றைக்குக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சிரிக்காதே, டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்சச் சிரிப்பு கூடியது. திடீரென்று நின்றது. அவள் கண்கள் கூரையைப் பார்த்தன. இந்தப் பிள்ளையும் போயிற்று என்றே நினைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துப் போர்வைக்குள் இழுத்து வயிற்றில் வைத்தாள்.

"பேசாம இருங்க" என்றாள். "அசையுது."

பங்குனியில் மகள் பிறந்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அது பிறகு. அன்று காலை வாசலில் என் லாரி டிரைவர் சரக்கேற்ற நேரமாயிற்று என்று விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்று குல்லாவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கைக்குக் கீழே மெதுவாக ஒரு தட்டு. இன்னொரு தடவை வரட்டும் என்று காத்திருந்தேன். வந்தது.