வாழை உச்சியைத் தரையாக்கிய வரைபடம்

கோம்பைக்குத் தெற்கே வெட்டப்போகும் வாய்க்காலுக்காக, நிலத்தின் மேடு பள்ளத்தை வரைந்து கொடுக்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ட்ரோனிலிருந்து லேசரால் அளந்ததை வரைபடமாக்க வேண்டும். என் ஊர் என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அதை ஊர் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அவ்வளவு நிலத்தையும் கணினி ஒரே மூச்சில் கையாளாது. சதுரம் சதுரமாக வெட்டிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சதுரமும் பக்கத்துச் சதுரத்துக்குள் இருபது, முப்பது மீட்டராவது நுழைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரங்களில் எது தரை, எது செடி என்று அதற்குப் பிடிபடாது. இது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி வைத்தால் நேரம் பிடிக்கும். மறுநாள் ஊர்க் கூட்டத்தில், அப்பாவின் முன்னால், திரையில் காட்டியாக வேண்டும். அந்த நுழைவுக்குப் பூஜ்யம் என்று போட்டேன்.

கூட்டத்தில் பொறியாளர் திரையைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வாழைத்தோட்டம் மட்டும் மேட்டில் இருக்கிறது, அதற்குத் தண்ணீர் ஏறாது, அதற்கு முன்பே வாய்க்கால் திரும்பிவிடும் என்றார். தோட்டத்துக்காரர் எழுந்தார். எங்கள் தெருக்காரர், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர்.

“ஏத்தா, எங் காடா மேடு? மழை பேஞ்சா சுத்துப்பட்டுத் தண்ணி பூராம் எங்காட்டுலதான வந்து நிக்குது!”

“அத்த, இது கண்ணால பாத்துச் சொல்றதில்ல. லேசரு அளந்தது.”

“லேசரு பொய் சொல்லுது, இவுக வாழை நெசம் சொல்லுதாக்கும்!” என்றார் பின்னாலிருந்து ஒருவர். கூட்டம் சிரித்தது. அப்பா சிரித்தார். நானும்தான்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த மேட்டின் ஒரு பக்கம் அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தது. சதுரத்தின் ஓரம். அடர்ந்த வாழைக்குள் லேசர் தரையைத் தொட்ட இடங்கள் குறைவு. இருந்தவையும் அடுத்த சதுரத்துக்குள் போயிருந்தன. மிச்சமிருந்த இலை உச்சியைக் கணினி தரை என்று எடுத்துக்கொண்டிருந்தது. முப்பது மீட்டர் வைத்து மறுபடி ஓட்டினேன். மேடு இல்லை. பொறியாளருக்கு, “தரவு புதுப்பிக்கப்பட்டது” என்று ஒரு வரி அனுப்பினேன். அவர் வாய்க்காலை நீட்டிவிட்டார்.

தண்ணீர் வரும் என்று அத்தையின் தோட்டத்துக்கே போய்ச் சொன்னேன்.

“எப்பிடித்தா மாறுச்சு?”

“கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு, அத்த.”

“மிசினு பண்ணுனதுக்கு நீ என்ன செய்வ தாயி? ஒம்மொகம் ஏன் வாடுது?” என்றார். காய்ந்த வாழைச்சருகை இழுத்துப் போட்டபடியே, “அம்புட்டுப் பேரும் சிரிச்சாகல்ல, அதான் ரெண்டு நாளாச் சோறு எறங்கல” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் கையால் போட்ட பூஜ்யம் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

வாய்க்கால் இப்போது அவர் தோட்டம் வரை வந்துவிட்டது. “எம்மவ அந்த மிசினையே மறுவடியும் பாக்க வச்சு, அவுகளுக்குத் தண்ணி வாங்கிக் குடுத்துட்டா” என்று அப்பா டீக்கடையில் சொல்கிறார். அத்தையும் ஆமாம் என்று தலையாட்டுகிறாராம். இருவரிடமும் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.