கம்பெனியைக் கேட்டு ஓடும் மிஷின்

பஞ்சர் ஒட்டிப் பிழைக்க வந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தண்ணீர் லாரி, கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் என்று தொட்டதெல்லாம் துலங்கியது. புதுக்கோட்டையில் ஏசி போட்டு வீடியோ கேம் ஹால் திறந்த முதல் ஆள் நான்தான். வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மிஷின்களைச் சென்னையில் ஒரு கம்பெனியிடம் வாங்கினேன். கார் ஓட்டுவது, பைக் ஓட்டுவது, துப்பாக்கி சுடுவது, எல்லா ஆட்டத்து மிஷினும் முழு விலை கொடுத்து வாங்கியவை. காசு போடுகிற மிஷின் இல்லை. என்னிடம் காசு கட்டி வாங்குகிற கார்டைத் தேய்த்தால்தான் ஆட்டம் தொடங்கும். கோடை விடுமுறைக்கு மீமிசலிலிருந்துகூட வேன் பிடித்து வருவார்கள். அந்த ஒரு விடுமுறை நன்றாக ஓடினால் மீதி வருஷத்தைத் தள்ளிவிடலாம்.

பிள்ளைகள் கைக்குப் போன் வந்தது. கம்பெனியும் போன் விளையாட்டுப் பக்கம் போய்விட்டது. புது மிஷின் வரவில்லை. திருச்சி ஆபீசை மூடினார்கள். மதுரையில் ஹால்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன.

"அவனுகளுக்கு நடத்தத் தெரியலை" என்றேன் என் மனைவியிடம்.

"ஒங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்" என்றாள்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருஷம் பரீட்சை முடிந்த மறுநாள், ஷட்டரைத் தூக்கிச் சூடம் காட்டி சுவிட்சைப் போட்டேன். எல்லாத் திரையும் எரிந்தது, பாட்டும் வந்தது. கார்டைத் தேய்த்தால் மட்டும் சிவப்பு விளக்கு. வேறு கார்டு எடுத்தேன். அதற்கும் சிவப்பு.

கம்பெனி மெக்கானிக் விராலிமலைக்காரர். போன் போட்டதும் பைக்கில் வந்துவிட்டார். மிஷினின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மிஷின்ல ஒண்ணுமில்லைங்கய்யா. நல்லாத்தான் இருக்கு."

"அப்பறம் என்னங்க? ஓட விடுங்க."

"இது தெனமும் கம்பெனிக் கம்ப்யூட்டரைக் கேட்டுட்டுத்தான் ஆட்டத்துக்கு விடும். அதையே நிறுத்திப்புட்டாங்க. மிஷின் பிரிவே இப்ப இல்லைங்க."

"நான் காசு குடுத்து வாங்குன மிஷினு அவன எதுக்குக் கேக்குது? லாரி எஞ்சினையே ஒத்த ஆளாப் பிரிச்சு மாட்டுனவன் நான். ஒரு வயரச் சேத்து விடுங்க."

"வயர்ல இல்லைங்கய்யா. பாஸ்வேர்டு வேணும்."

"கேட்டு வாங்குங்க."

"யாருகிட்டக் கேக்குறது? தெரிஞ்சவுங்க எல்லாத்தையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னையவும்தான். நீங்க கூப்புட்டீங்களேன்னு வந்தேன்."

திட்டுவதற்கென்று வாயைத் திறந்தவன், அவருக்கு டீ சொன்னேன்.

சென்னைக்குப் போன் போட்டால் ஒரு பொண்ணு பதிவுக் குரலில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. எல்லாம் போன் விளையாட்டுக்கு. மிஷின் வாங்கியவன் அமுக்க அதில் எண்ணே இல்லை. ஆனாலும் தினமும் ஹாலைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். அங்கே யாராவது மனசு மாறியிருக்கலாம் அல்லவா?

அப்படித் திறந்து வைத்திருந்த ஒரு நாள், துபாயிலிருந்து லீவில் வந்தவர் ஒருவர் தன் சின்ன மகளோடு உள்ளே வந்தார். ஆள் ஆடாதபோது கார் மிஷினின் திரையில் விளம்பரத்துக்காகக் கார் தானே ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்ப ஆரம்பித்தது.

"அப்பா, நான் ஓட்டுறேன் பாருங்க!"

"கார்டு எவ்வளவுங்க?" என்றார் அவர்.

"இன்னைக்குச் சும்மாதான் தம்பி."

பிள்ளை இடப்பக்கம் திருப்பியது. கார் வலப்பக்கம் போனது. பிள்ளைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. அப்பனுக்குத்தான் முகம் மாறியது. என் பக்கம் சாய்ந்து, "இது தானா ஓடுதுல்ல?" என்றார்.

"ஆமாந்தம்பி. பிள்ளைகிட்டச் சொல்லிறாதீங்க."

திரையில் கார் முதலாவதாக வந்தது. பிள்ளை கைதட்டிக்கொண்டு இறங்கி என்னிடம் வந்தது.

"தாத்தா, நான் ஜெயிச்சுட்டேன். நாளைக்கும் வருவேன்."

"வா தாயி" என்றேன்.

மறுநாள் சாவியோடு ஹால் வாசல்வரை போனேன். ஷட்டரைத் தூக்க மனசு வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.