சினூக் வீட்டுக் கூரையில் பஞ்சு

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் புவியியல் டீச்சராக இருந்தபோது, கண்காட்சிக்காக ஆளுக்கொரு பழங்குடியினரின் வீட்டைச் செய்யச் சொன்னார் தாளாளர். என் பங்குக்கு வந்தது சினூக் மக்கள்.

"அமெரிக்காதானே? ஐஸ் வீடு. தெர்மகோல் வாங்கிடுங்க" என்றார். மனைப் பத்திரம் தவிர வேறெதையும் கடைசி வரி வரை படிக்காத மனிதர்.

நான் படித்தேன். கொலம்பியா ஆறு பசிபிக் கடலில் கலக்கும் இடம்தான் அவர்கள் மண். கடுங்குளிர் கிடையாது, குளிர்காலம் பூராவும் மழை. கடலோரத்தில் பனி விழுவதே அபூர்வம். தரையைக் கொஞ்சம் தோண்டி, சிடார் மரப் பலகையால் நீளமாக வீடு கட்டுவார்கள். உள்ளே பல குடும்பங்கள், நடுவில் அடுப்பு. புகை வெளியேறக் கூரைப் பலகையை நகர்த்திவிடுவார்கள்.

குத்தம்பாக்கத்திலிருந்து வரும் எங்கள் பள்ளித் தச்சர், பழைய பேக்கிங் பெட்டிப் பலகையில் அதை அப்படியே செய்து கொடுத்தார். கூரைப் பலகை நிஜமாகவே நகர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்காட்சியன்று காலை வந்து பார்த்தால் கூரை முழுக்கப் பஞ்சு.

"இன்னா டீச்சர், ஊட்டுக்கு அடிபட்டுச்சா? கட்டுப் போட்டுகீறாங்க?" என்றார் தச்சர்.

பஞ்சை எடுத்துப் போட்டேன். தாளாளர் முதலுதவிப் பெட்டியிலிருந்து வேறு பஞ்சு வரவழைத்தார்.

"பனி இல்லாட்டி அமெரிக்கான்னு எவன் நம்புவான்?"

அன்று ஐப்பசி மழை கொட்டியது. ஏரியைத் தூர்த்துக் கட்டிய பள்ளி; வாசலில் மோட்டார் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினர் வரிசையாகப் போட்ட செங்கல் மேல் தாவித் தாவி வந்து சேர்ந்தார்.

"இவ்வளவு பனியில எப்படித்தான் வாழறாங்களோ!" என்று உருகினார்.

"பனி இல்ல சார், மழை. பஞ்சு மட்டும் எங்க தாளாளர் போட்டது."

தாளாளர் பல் தெரியச் சிரித்தார். கண்ணில் சிரிப்பில்லை.

"மழையா? அப்ப வீட்டுக்குள்ள தண்ணி வந்துடாதா?" என்றார் விருந்தினர்.

"தண்ணி எங்க நிக்கும்னு பார்த்துட்டுக் கட்டுவாங்க சார்" என்றேன். நாக்கை அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை.

நனைந்த ஷூவை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு அவர் நகர்ந்தார்.

முதல் பரிசு பக்கத்து மேஜை தெர்மகோல் ஐஸ் வீட்டுக்கு. மறுவாரம் என்னிடமிருந்து புவியியலைப் பிடுங்கி, நன்னெறி வகுப்பைக் கொடுத்தார்கள்.