அட்டையில் ஐம்பத்தெட்டு

ஆங்கிலத்தில் எனக்கு உருப்படியாகத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். அதில் ஒன்று 'ஓல்ட்'. பிறந்து ஒரு மாதமான பிள்ளையைப் பற்றியும் 'ஹவ் ஓல்ட்?' என்றுதான் கேட்கிறார்கள். இந்த மலாய் நாட்டில், ரெம்பியா பக்கம் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு 'ஓல்ட் லைன்' என்று பெயர். மஸ்ஜித் தானாவில் நான் ஓட்டிய லாரியையும் ஓல்ட் என்றார்கள். அதன் பிரேக்குக்கு அது மரியாதையான சொல்.

அந்த லாரி நின்றதோடு என் வேலையும் நின்றது. வாடகை அறையும் போயிற்று. மூன்று வாரம் கூட்டாளியின் கார் பட்டறையில் படுத்துக் கிடந்தேன். பிறகு பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, இருப்பதாகக் கேள்விப்பட்டு, வாசல் காவல் கூண்டில் போய் நின்றேன். சூப்பர்வைசர் ஒரு தமிழ்ப் பெண். என் மகளாக இருக்கலாம், எனக்கு மகள் இருந்திருந்தால்.

"அங்கிள், ஓல்ட் ஆளுங்க வேணாம்னுட்டாரு லா, மேனேஜரு. அறுபதுக்குள்ள இருக்கணும்."

"ஐ.சி. பாரும்மா."

இந்த நாட்டு அடையாள அட்டையில் முதல் இரண்டு எண்ணே பிறந்த வருடம். அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"வயசு அம்பத்தெட்டா? மூஞ்சி வேற மாதிரி சொல்லுதே!"

"வெயில்ல திரிஞ்ச மூஞ்சிம்மா."

மூஞ்சி சொன்னதுதான் உண்மை. எனக்கு அறுபத்தொன்று. என் பிறப்பைப் பதியாமல் மூன்று வருடம் விட்டுவிட்டார் அப்பா. தாமதத்துக்கு அபராதம் போடுவார்கள் என்று யாரோ பயமுறுத்த, "போன வாரம்தான் பொறந்துச்சு" என்று சொல்லிப் பதிந்துவிட்டார். என்னைக் கூட்டிப் போகவில்லை. கூட்டிப் போயிருந்தால் 'போன வாரம் பிறந்தது' எழுத்தர் மேசையில் ஏறிக் குதித்திருக்கும்.

அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்டசாட்டமான காவலாளியைக் காட்டினாள். "வேலியச் சுத்தி ஒரு ரவுண்டு வர இவருக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆவும். நீங்க முப்பதுல வந்துடுங்க, பாப்போம்."

லாரி ஓட்டுவதை விட்டால் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் நடை. பஸ்ஸுக்குக் காசில்லாமல் இந்த மாநிலத்தில் நான் நடக்காத ரோடு குறைவு. பதினெட்டு நிமிடத்தில் திரும்பி வந்தேன். மூச்சு வாங்குவதை மறைக்க, கேட் பூட்டைக் கொஞ்ச நேரம் அக்கறையாகப் பரிசோதித்தேன்.

முதலில் வாய் திறந்தது அந்தக் காவலாளிதான். "அங்கிள், ஏன் இப்படி பண்றீங்க? இனி என்னையும் பதினெட்டு நிமிஷத்துல வரச் சொல்வாங்களே!"

"திங்கக்கிழமை வந்துருங்க அங்கிள்," என்றாள் அவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

திரும்பும்போது பஸ்ஸில் அறுபது தாண்டிய முதியோருக்கான பாதிக் கட்டணத்தைக் கேட்டுப் பார்த்தேன். வேலை கிடைத்துவிட்டதல்லவா, இனி கிழவனாகலாம் என்ற தைரியம். மலாய்க்கார டிரைவர் ஐ.சி.யை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"பெலும் துவா லா, அங்கிள்."

இன்னும் வயசாகவில்லையாம். முழுக் கட்டணம் கொடுத்துவிட்டு, முதியோருக்கென்று ஒதுக்கிய இருக்கையில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் அப்படி வலித்தது.