டைம் ஆபீஸ் ஜன்னல்

1976 ஏப்ரல், ஞாயிறு. காலை 7.52க்கு சிட்னிப் புறநகரான டூங்கபியில் ரயிலேறினோம். நானும், இங்கே நர்ஸாக இருக்கும் என் மகள் கமலாவும். சிட்னி சென்ட்ரலில் வண்டி மாறி வுல்லன்காங் போகவேண்டும். அங்கிருந்து ஐம்பது மைல். சென்ட்ரலில் டீ இருபது சென்ட். சூட்டில் மட்டும் டீயை ஒத்திருந்தது.

10.05. வாட்டர்ஃபால் ஸ்டேஷன் தாண்டியதும் காடு, பிறகு ரயில் குகைப்பாதைகள், திடீரென்று கீழே கடல். மலையோரம் நிலக்கரிச் சுரங்கங்கள். கரிப்புகை பெட்டிக்குள் நுழைந்ததும் எதிரே இருந்த கிழவர் மூச்சை இழுத்து, "எங்கள் ஊர் வாசனை" என்றார். பெயர் கிரிஃபித். வேல்ஸில் ஒரு சுரங்கக் கிராமத்தில் பிறந்தவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

அவர் ஊரில் ஆறு கறுப்பாக ஓடுமாம். காலையில் காயப்போட்ட வெள்ளைத்துணி மாலைக்குள் சாம்பல் நிறமாகுமாம். எட்டு வயதில் ஒருநாள், அப்பா சுரங்கத்துக்குள் இருந்தபோது, நேரங்கெட்ட நேரத்தில் விபத்துச் சங்கு ஊதியது. அம்மாவோடு, ஆள்கணக்கு வைக்கும் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடினார். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட பித்தளை வில்லையை எடுத்துப்போவான். மேலே வந்ததும் ஆணியில் மாட்டுவான். எந்த ஆணி காலி என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. மூன்று மணி நேரம் மழையில் நிற்கவைத்தான்.

"கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றான். அப்பாவின் முகம் மறந்துவிட்டது. அவன் வாய் மென்றது மறக்கவில்லை."

"எண்ணிக்கை சரிபார்த்து மேனேஜர் கையெழுத்திட்ட பிறகுதான் பெயர்களைப் படிக்கலாம். அது விதி" என்றேன்.

"உமக்கு எப்படித் தெரியும்?"

கமலா என் முழங்கையைத் தொட்டாள். "வேணாம்ப்பா. பேசாம வாங்க."

"விதியைத்தானே சொன்னேன்?"

"விதி எனக்கும் தெரியும். என்கூடப் படிச்ச ரெஜினாவோட அப்பா சுரங்கத்துக்குள்ள மாட்டினப்போ அவ அம்மா உங்க ஜன்னல்லதான் நின்னாங்க. அப்புறம் அஞ்சாங்கிளாஸ் முடியிற வரைக்கும் என் பெஞ்சுல ஒருத்தியும் உட்காரல. ஏன்னு நீங்க கேட்டதே இல்ல."

கோலார்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கமொன்றில் முப்பத்திரண்டு ஆண்டு டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். ஒரு பதிவிலும் பிழையில்லை என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். பெஞ்சு காலியாக இருந்ததற்கு எங்களிடம் பதிவேடு கிடையாது.

11.10. வுல்லன்காங். பிளாட்பாரத்தில் கிரிஃபித் கை கொடுத்தார். "ஊரில் என்ன வேலை பார்த்தீர்?"

பொய் சொல்ல அவகாசம் இருந்தது. "டைம் ஆபீஸ்" என்றேன்.

அவர் கையை உடனே விடவில்லை. "அவர்கள் வெளியே நிற்கும்போது சாப்பிட்டீரா?"

"பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். தயிர்சாதம்."

கையை விட்டார். தொப்பியை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியேறினார்.

கடற்கரை நடக்கிற தூரம்தான். எங்கள் ஊரில் சுரங்கத்தைச் சுற்றி, தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைட் மண்மேடுகள், இங்கே நீலக்கடல். ஜன்னல் முன்னால் நிற்கிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கமலா பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினாள்.

"மணி பன்னிரண்டரை ஆச்சு" என்றாள், கடலைப் பார்த்தபடி. "சாப்பிடுங்கப்பா."